தொழிலும் குறியீடும்: யப்பானிய அச்சோவியங்களும் மடுல்சீமைத் தேயிலையும்

தமிழ் இலக்கண மரபு ஒரு நிலத்தைப் பற்றிப் பேசும்பொழுது அந்நிலத்து விலங்கையும் மரத்தையும் பறவையையும் தனித்து வைத்துப் பேசுவதில்லை. தொல்காப்பியம் கருப்பொருள் என வகுப்பனவற்றுள் தெய்வமும் உணவும், விலங்கும் மரமும் பறவையும், பறையும் யாழும் அடங்குவதோடு அந்நிலத்து மக்களின் தொழிலும் அடங்குகின்றது. உள்ளுறை உவமம் என்னும் உத்தி இக்கருப்பொருளின் மீதே கட்டப்பட்டது. மருதநிலத்து எருமை பொய்கைத் தாமரையை மிதித்து மேய்வதாகப் புலவன் கூறின், பரத்தையை நாடிச் சென்ற தலைவனின் செயலை அது குறிக்கின்றது எனக் கேட்போர் உணர்வர். அவ்வாறு உணர்வதற்கு அவர்கள் எருமையையும் பொய்கையையும் அறிந்திருந்தாற் போதாது. வயலையும் உழவையும், உழவின் பயனை நுகர்ந்த கிழவனின் மனையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே குறியீடு என்பது விலங்கினுள்ளோ மலரினுள்ளோ உறைவதொன்றன்று. அவற்றைக் காண்போரின் வாழ்வினுள், அவ்வாழ்வைத் தாங்கும் தொழிலினுள் உறைவது என்பது பெறப்படும். தொழிலோடு கொண்ட தொடர்பு அறுபடும்பொழுது குறியீடு வெறும் அலங்காரமாகிவிடுகின்றது. இக்கருத்தை யப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களைக் கொண்டு விளக்கி, அதன் ஒளியில் ஊவா மாகாணத்து மடுல்சீமைத் தோட்டப்புறங்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பானையும் மடுல்சீமையையும் ஒருங்கு வைப்பது வலிந்து செய்யும் ஒப்பீடன்று. இரண்டையும் இணைப்பது தேயிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சந்தையில் யப்பானியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அப்போட்டியில் அச்சோவியமும் ஒரு கருவியாயிற்று.

அச்சோவியமும் அதனை ஆக்கியோரும்

1603 தொடக்கம் 1868 வரை யப்பானை ஆண்ட தொக்குகாவாத் தலைவர்களின் தலைநகர் ஏடோ. அதுவே இன்றைய தோக்கியோ. அந்நகரில் வணிகரும் கைவினைஞரும் பெருகினர். சட்டப்படி அவர்கள் சாமுராய் என்னும் போர்க்குடியினருக்கும் உழவர்க்கும் கீழே வைக்கப்பட்டிருந்தனர்; ஆயினும் நகரின் பணம் வணிகரின் கையிற் புழங்கியது. அரசியல் அதிகாரம் மறுக்கப்பட்ட இந்நகரமாந்தர் தமக்கென வளர்த்துக்கொண்ட கலைகளுள் ஒன்றே உக்கியோயே எனப்படும் ஓவியம். 'உக்கியோ' என்ற சொல் முதலிற் பௌத்தர்கள் துயர்மிகு உலகைக் குறிக்க வழங்கியது. நகரமாந்தர் அதே ஒலியுடைய சொல்லை 'மிதந்து செல்லும் உலகு' என மாற்றிப் பொருள் கொண்டனர். துன்ப உலகம் இன்ப உலகமாகப் பெயர் மாறிய இந்நிகழ்ச்சியே அக்கலையின் வர்க்க அடிப்படையைக் காட்டப் போதுமானது.

இவ்வோவியம் தனியொருவரின் ஆக்கமன்று. முதலீடு செய்து விற்பனையை நடத்தும் பதிப்பாளர், கோடுகளை வரையும் ஓவியர், அவற்றைச் செரிமரப் பலகையிற் செதுக்கும் சிற்பி, பலகைக்கு நிறம் பூசித் தாளில் ஒற்றியெடுக்கும் அச்சாளர் என நால்வரின் உழைப்பு அதில் அடங்கியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை வேண்டும். நிறங்கள் ஒன்றன்மேலொன்று பிசகாது பொருந்துதற்குப் பலகையின் ஓரத்தில் அடையாள வெட்டுகள் இடப்பட்டன. 1765ஆம் ஆண்டளவில் சுசுக்கி ஹருநோபுவின் ஓவியங்களோடு பன்னிற அச்சு நிலைபெற்றது. 1830ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவிலிருந்து வந்த பிரசிய நீலம் பெருவழக்காயிற்று. ஒரே பலகையிலிருந்து ஆயிரக்கணக்கான படிகள் எடுக்கப்பட்டமையால், சாதாரண நகரவாசியும் வாங்கக்கூடிய விலைக்கு ஓவியம் கிடைத்தது. ஓவியரின் பெயர் நிலைத்தது. செதுக்கியோர், அச்சிட்டோர் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. கலை வரலாற்றில் உழைப்பாளியின் பெயர் மறைவதற்கு இஃதொரு சான்று.

மங்கலக் குறியீடுகள்

இவ்வோவியங்களில் விலங்கும் தாவரமும் நிறைந்துள்ளன. பறவையையும் மலரையும் இணைத்து வரைவது ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. ஹொக்குசாய் (1760–1849), ஹிரோஷிகே (1797–1858) ஆகிய இருவரும் அவ்வகையிற் புகழ்பெற்றோர். உத்தாமரோ 1788இல் வெளிவந்த தம் பூச்சிகள் பற்றிய ஓவிய நூலில் தும்பியையும் வெட்டுக்கிளியையும் மிக நுணுக்கமாக வரைந்தார்.

இவற்றுட் பல சீனத்திலிருந்து வந்த மரபுப் பொருளை உடையன. கொக்கு ஆயிரம் ஆண்டு வாழும், ஆமை பதினாயிரம் ஆண்டு வாழும் என்ற நம்பிக்கையால் அவை நீண்ட ஆயுளைக் குறித்தன. பைன், மூங்கில், பிளம் ஆகிய மூன்றும் ஒருங்கே வரையப்படின் அது நல்வாழ்த்து. பைன் பனிக்காலத்திலும் பசுமை குன்றாது. மூங்கில் வளையும், முறியாது. பிளம் பனியினூடே முதலில் மலரும். செரிப்பூ சில நாள்களே மலர்ந்திருந்து உதிர்வதால் நிலையாமையை உணர்த்தியது.

ஆயினும் மரபுப் பொருளை அகராதிபோல் அடுக்குவதோடு ஆய்வு முடிந்துவிடாது. யார் வாழ்வில், எந்த நோக்கில் அக்குறியீடு வழங்கியது என்பதே வினா. கெண்டையினத்து மீனை எடுத்துக்கொள்வோம். நீர்வீழ்ச்சியை எதிர்த்தேறி மேலே சென்ற மீன் கடல்நாகமாக மாறியது என்பது சீனக் கதை. யப்பானில் ஆண்பிள்ளைகளுக்கான விழாவில் சாமுராய்க் குடும்பங்கள் குலக்கொடிகளை உயர்த்தின. நகரமாந்தரோ தாளாற் செய்த மீனுருக்களைக் கம்பங்களிற் பறக்கவிட்டனர். 1857இல் ஹிரோஷிகே வெளியிட்ட ஓவியமொன்றில் பெரிய மீனுருவொன்று வானை நிறைத்துப் பறக்கின்றது. ஆற்றுக்கப்பாலுள்ள சாமுராய்க் குடியிருப்பு அதன் கீழே சிறுத்துத் தோன்றுகின்றது. பிறப்பால் மேலேற முடியாத ஒரு வர்க்கம், எதிர்நீச்சலிட்டு மேலேறும் மீனைத் தன் பிள்ளைகளுக்கு உரியதாக்கியது தற்செயலன்று என்பது எமது கருத்தாகும்.

அதே ஆண்டின் மற்றோர் ஓவியம் நரிகளைக் காட்டுகின்றது. நரி, நெல்லின் தெய்வமான இனாரியின் தூது விலங்கு. ஆண்டிறுதி இரவில் ஓஜி என்னுமிடத்திலுள்ள மரமொன்றின் கீழ் நரிகள் தீச்சுடர்களோடு கூடுவதாகவும், சுடர்களின் தொகையைக் கொண்டு வரும் ஆண்டின் விளைச்சலை உழவர் கணித்ததாகவும் நம்பிக்கை இருந்தது. இருளில் ஒளிரும் அந்நரிகளின் அழகை நாம் இன்று வியக்கலாம். அதனை நம்பிய உழவனுக்கோ அது வரியையும் வயிற்றையும் பற்றிய கணக்கு. குறியீடு தொழிலோடு பிணைந்திருந்த நிலை இதுவாகும்.

தடையும் விலங்குருவும்

அச்சோவியம் மலிவானது, பரவலாகச் சென்றது, ஆகவே ஆட்சியாளர் அதற்கு அஞ்சினர். பஞ்சமும் கிளர்ச்சியும் நாட்டை உலுக்கிய பின் 1841 தொடக்கம் 1843 வரை மிசுனோ தடாகுனி என்னும் அமைச்சர் கடுஞ்சீர்திருத்தங்களை நடைமுறைப்படுத்தினார். 1842இல் நடிகரையும் கணிகையரையும் சித்திரிக்கும் அச்சோவியங்கள் தடைசெய்யப்பட்டன. அந்நிலையில் குனியோஷி என்னும் ஓவியர் விலங்குகளைத் துணைக்கொண்டார். அவருடைய பூனைகளின் முகத்தில் புகழ்பெற்ற நடிகரின் சாயலை மக்கள் கண்டனர். 1846இல் அவர் வெளியிட்ட ஓவியமொன்றில் கணிகையர் தெருவில் உலவுவோர் அனைவரும் குருவித் தலையினர். மனிதரை வரைவதற்குத் தடை. குருவியை வரைவதற்குத் தடையில்லை.

1843இல் அவர் வரைந்த நிலச்சிலந்தி ஓவியம் இன்னும் கூர்மையானது. பழங்கதையின்படி வீரன் றைக்கோ நோயுற்றுக் கிடக்கின்றான். அவன்பின் சிலந்திப் பேய் வலைவிரிக்கின்றது. இருளிலிருந்து எண்ணற்ற பேயுருக்கள் திரண்டு வருகின்றன. உறங்கும் வீரனை ஆட்சித் தலைவராகவும், அருகிலிருக்கும் வீரர்களுள் ஒருவனை மிசுனோவாகவும், திரண்டுவரும் பேய்களைச் சீர்திருத்தத்தால் வாழ்விழந்த மக்களாகவும் நகரமாந்தர் வாசித்தனர். அந்த வாசிப்புப் பரவியதும் பதிப்பாளர் ஓவியத்தை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். தமிழ் மரபில் உள்ளுறை எனப்படுவது இங்கே அரசியற் கருவியாகியமை கவனிக்கத்தக்கது.

மௌனமான எதிர்ப்புக்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஹிரோஷிகேயின் 1857ஆம் ஆண்டு ஓவியமொன்றில் வெள்ளைப் பூனையொன்று சாளரத்திற் குந்தியிருந்து, கம்பிகளினூடே வெளியே நோக்குகின்றது. தொலைவில் வயல்வெளியைக் கடந்து சேவல் நாள் விழாவுக்கு மக்கள் கூட்டம் செல்கின்றது. அறையினுள் கொண்டையூசிகளும் சிறு பொருள்களும் கிடக்கின்றன; அது கணிகையொருத்தியின் அறை. அவள் ஓவியத்தில் இல்லை. வெளியே செல்ல உரிமையற்ற பெண்ணின் இடத்தில் பூனை அமர்ந்து வெளியுலகைப் பார்க்கின்றது. ஒரு வாழ்க்கை முழுவதையும் ஒரு விலங்கு சுமந்து நிற்கும் இவ்வோவியத்தை உலகின் சிறந்த குறியீட்டு ஓவியங்களுள் ஒன்றெனக் கூறலாம்.

பூமியைப் புரட்டிய மீன்

1855 நவம்பர் 11ஆந் திகதி ஏடோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். நிலத்தினடியிற் கிடக்கும் 'நாமசு' என்னும் பெருங்கெளிற்று மீன் அசைவதாலேயே நிலம் நடுங்குகின்றது எனவும், காஷிமாத் தெய்வம் கல்லொன்றால் அதனை அழுத்தி வைத்திருக்கின்றது எனவும் மக்கள் நம்பினர். நடுக்கம் நிகழ்ந்த சில நாள்களுக்குள் நாமசு அச்சோவியங்கள் தெருவெங்கும் விற்பனையாயின. அவற்றிற் பல பெயரின்றி, தணிக்கை முத்திரையின்றி வெளிவந்தவை. ஏறத்தாழ இரண்டு மாதங்களுள் ஆட்சி அவற்றைத் தடுத்தது.

தொடக்கத்தில் மீனைத் தண்டிக்கும் ஓவியங்கள் இருந்தன. ஆனால் நகரை மீளக் கட்டும் வேலை பெருகியபொழுது தச்சரும் சுதைவேலை செய்வோரும் கூரை வேய்வோரும் கூலி உயரக் கண்டனர். உடனே குறியீட்டின் பொருளும் திரும்பியது. சில ஓவியங்களில் தச்சர் மீனுக்கு விருந்திடுகின்றனர். சிலவற்றில் மீன் செல்வரைத் தாம் பதுக்கிய பொன்னைக் கக்கச் செய்கின்றது. 'உலகைச் செம்மை செய்தல்' என்ற வேட்கை அம்மீனில் ஏறியது. ஒரே மீன், ஒரே நகர். சில கிழமைகளுள் அழிப்பவன் ஈபவனாகின்றான். மாறியது மீனன்று, அதனைக் கண்டோரின் தொழில்நிலை. குறியீட்டின் வேர் எங்குள்ளது என்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

தேயிலையும் அச்சும்

தேயிலைச் செடிக்கும் கிழக்காசியக் கற்பனையில் ஓர் இடமுண்டு. காஞ்சியிலிருந்து சென்றவராகத் தமிழ்நாட்டிற் கருதப்படும் போதிதருமர், தியானத்தில் உறக்கம் வந்தமைக்குச் சினந்து தம் கண்ணிமைகளை அரிந்தெறிந்தார் என்றும், அவை வீழ்ந்த இடத்திற் தேயிலை முளைத்தது என்றும் யப்பானியக் கதை கூறும். தேயிலை அங்கே விழிப்பின் குறியீடு. மலைநாட்டிலும் தேயிலை விழிப்போடு தொடர்புடையதே. ஆனால் அது முனிவன் தானாக மேற்கொண்ட விழிப்பன்று. முற்காலத்தில் விடியுமுன் தப்பொலி எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு வருவித்த விழிப்பு அது.

ஹொக்குசாய் ஃபூஜி மலையை மையமாக வைத்து வரைந்த புகழ்பெற்ற வரிசையில், சுருகா நாட்டுக் கத்தகுரா என்னுமிடத்துத் தேயிலைத் தோட்டமும் ஓர் ஓவியமாகும். பனிமூடிய மலை பின்னணியில் நிற்க, பெண்கள் குனிந்து கொழுந்தெடுக்கின்றனர். ஆண்கள் சுமை தூக்கிச் செல்கின்றனர். பொதிசுமந்த குதிரை நடக்கின்றது. மலையும் செடியும் விலங்கும் உழைப்பும் ஒரே சட்டகத்துள் அமைந்துள்ளன. கருப்பொருள் முழுமையாக இருக்கின்றது.

1859இல் யொக்கோஹாமாத் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. பட்டும் தேயிலையும் முதன்மை ஏற்றுமதிப் பொருள்களாயின. தேயிலையிற் பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் சென்றது. துறைமுகக் கிட்டங்கிகளில் பெண்கள் கொதிக்கும் தட்டங்களின் முன் நின்று ஏற்றுமதித் தேயிலையை மீள வறுத்தனர். அப்பெட்டிகளில் ஒட்டுவதற்கு வேண்டிய வண்ணச் சீட்டுகளை ஆக்கியோர், அச்சோவியத் தொழிலில் வேலை குறைந்த அதே கைவினைஞர்களாவர். 'றன்ஜி' எனப்பட்ட இச்சீட்டுகள் மரக்கட்டையாலேயே அச்சிடப்பட்டன. கல்லச்சும் பின்வந்த இயந்திர அச்சும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றின் இடத்தைப் பிடித்தன. கொக்கும் வண்ணத்துப்பூச்சியும் மலர்க்கொத்தும் கிமோனா அணிந்த பெண்ணும் ஆங்கில எழுத்துகளின் நடுவே அமைந்தன. ஏடோ நகரவாசிக்குக் கொக்கு ஆயுளை உணர்த்தியது. சிக்காகோவிற் பெட்டியைத் திறந்தவருக்கு அது 'கீழைத்தேய அழகு' மட்டுமே. அதே கை, அதே பலகை. உள்ளுறை மட்டும் உதிர்ந்துவிட்டது.

1893இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் யப்பானும் இலங்கையும் தத்தம் தேயிலையைக் காட்சிப்படுத்தின. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்திய, இலங்கைக் கறுப்புத் தேயிலை அமெரிக்கச் சந்தையிற் பெருமளவுக்கு யப்பானியப் பச்சைத் தேயிலையின் இடத்தைப் பெற்றது. 1890இல் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேத்தன்னை முதலான தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்ரன் விளம்பரத்தின் ஆற்றலை நன்கறிந்தவர். யானையும் மலைச்சாரலும் கூடை சுமந்த பெண்ணும் இலங்கைத் தேயிலையின் படங்களாயின. இன்றும் இலங்கையிற் பொதிசெய்யப்பட்ட தூய இலங்கைத் தேயிலைக்குத் தேயிலைச் சபை வழங்கும் இலச்சினை வாளேந்திய சிங்கமாகும். இவற்றுள் எந்த விலங்கும் கொழுந்தெடுப்பவரின் வாழ்விலிருந்து எழுந்ததன்று. பெண்ணுருவும் அவ்வாறே, அவள் உழைப்பவளாக அன்றி, நிலக்காட்சியின் ஒரு மலராகவே அச்சீட்டிற் காட்டப்படுகின்றாள்.

மடுல்சீமை: பூக்கவிடப்படாத செடி

மடுல்சீமை பதுளை மாவட்டத்தில் பசறைக்கு அப்பாலுள்ள மலைப்பிரதேசம். உலகத் தாவர வரலாற்றில் அதற்கு ஒரு துயரமான இடமுண்டு. 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளைத் தாக்கிய இலைநோய் முதன்முதல் அவதானிக்கப்பட்டது இங்கேயாகும். இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடியாகத் தோன்றிய அப்பூஞ்சணத்தை பேராதனைத் தாவரவியற் பூங்காவின் துவெயிற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் அறிஞர் அதே ஆண்டில் அதற்குப் பெயரிட்டார். அடுத்த இருபதாண்டுகளுள் கோப்பி அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து மீண்ட தமிழ்த் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கவேண்டிய தேயிலையோடு லயங்களில் நிலைத்துக் குடியேறினர். ஒரு பூஞ்சணம் ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்விடத்தைத் தீர்மானித்தது.

தேயிலை கமேலியா இனத்தைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவான யப்பானியக் கமேலியா அச்சோவியங்களில் அடிக்கடி இடம்பெறும் மலராகும். தேயிலையும் வெண்ணிறமாகப் பூக்கும். விட்டுவிடின் மரமாக வளரும். தோட்டத்திலோ அது சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்துச் செய்யப்பட்டு இடுப்பளவில் நிறுத்தப்படுகின்றது. கொழுந்து தொடர்ந்து கிள்ளப்படுவதாற் பெரும்பாலும் பூப்பதில்லை. ஓரினத்துச் செடி ஓரிடத்தில் மலராகி ஓவியத்துட் புகுந்தது. மற்றோரிடத்தில் மலர விடப்படாது பண்டமாயிற்று. இவ்வேறுபாடு தாவரவியலால் விளைந்ததன்று, உற்பத்தியுறவால் விளைந்தது.

அவ்வாறாயின் மலையக மக்களுக்குத் தமக்கெனக் குறியீட்டுலகம் இல்லையோ எனின், உண்டு. அது தாளில் அன்றிக் கூத்திலும் வழிபாட்டிலும் வாய்மொழியிலும் வாழ்கின்றது. தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி ஆளெடுத்த கதை இன்றும் மலையகத்தில் வழங்குகின்றது. ஏமாற்றத்தின் முழு வரலாற்றையும் ஒரு செடியின் அடியில் வைத்துச் சொல்லும் குறியீடு அது. அட்டை மற்றொன்று. மழைக்காலத்திற் காலைக் கடிக்கும் அவ்வுயிர், உழைப்பை உறிஞ்சுவோருக்கு உவமையாக மலையகப் படைப்புகளில் மீண்டும் மீண்டும் வருகின்றது.

மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்து இக்குறியீட்டுலகின் மையமாகும். கம்பம் ஊன்றுதலோடு தொடங்கி மன்மதனின் தகனத்தை நோக்கி அது நகர்கின்றது. மன்மதனின் வில் கரும்பு, ஊர்தி கிளி, அம்புகள் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் ஆகிய ஐம்மலர். குளிர்மலையின் தேயிலைச் சரிவுக்கு உரியனவல்ல இவை. தமிழகத்துச் சமவெளியின் கருப்பொருள்கள். கடல் கடந்தோர் தம் நிலத்தைக் கையிற் கொண்டுவர முடியாது. அதன் மலர்களைப் பெயரளவிற் கொண்டுவரலாம். மேலும், தேவர்களின் ஏவலால் அனுப்பப்பட்டு, ஏவிய வேலையைச் செய்ததற்காகவே எரிக்கப்பட்டவன் மன்மதன். அவனுக்காக ரதி அழும்பொழுது, தோட்ட வேலைக்குப் போய் மீளாதோரை எண்ணி அழுவதற்கும் அக்கூத்து இடமளித்தது எனக் கொள்வதில் தவறில்லை. தப்பின் ஒலி இங்கே பெரட்டுக்கு அழைக்கும் ஒலியன்று. அது மக்களின் சொந்தப் பறை.

பழையன பேணப்பட்டது போலவே புதியனவும் படைக்கப்பட்டன. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ரோதைமுனி என்னும் தெய்வம் உண்டு. கவ்வாத்துக் கத்தி செடியைத் தொடுமுன் வழிபடப்படும் கவ்வாத்துச்சாமியும் உண்டு. தமிழகத்து முனி, தோட்டத்து இயந்திரத்தில் குடியேறிய இந்நிகழ்ச்சி எமது கவனத்துக்குரியது. தெய்வமும் மரமும் தொழிலும் ஒன்றாய் நிற்கும் கருப்பொருள் மரபு, இலக்கணம் கல்லாத தொழிலாளரிடம் தொடர்ந்து இயங்குகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

வாக்குச்சீட்டும் ஓர் அச்சோவியமே. 1948இல் நிறைவேற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே வந்தது. வாக்குச்சீட்டில் அச்சிடப்பட்ட யானையும் சேவலும் நீண்டகாலம் அவர்கள் தொடமுடியாத விலங்குகளாய் இருந்தன. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் சேவற் சின்னம், முருகனின் கொடியில் நிற்கும் சேவலை அறிந்த மக்களுக்கு எளிதில் உறவானதை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

ஆய்வின் தேவை

ஈழத்தில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில், அன்னமும் மகரமும் கொடிக்கருக்கும் கைவினைஞரின் தொழிலோடு எவ்வாறு பிணைந்திருந்தன என்பதை விரித்துரைத்தார். 1917 முதல் அவர் பணியாற்றிய பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலை, யப்பானிய அச்சோவியங்களின் மாபெருந் தொகுப்புகளுள் ஒன்றைக் கொண்டது; தேநீர் பற்றி 1906இல் நூலெழுதிய ஒக்கக்குராவும் அங்கேயே பணிபுரிந்தவர். கண்டியக் கைவினைக்கும் யப்பானிய அச்சுக்கும் இவ்வாறு ஆய்வாளரும் காட்சிச்சாலையும் வாய்த்தன. மலையக மக்களின் வாய்மொழியைச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்தார். பதுளைத் தோட்டப்புற வாழ்வைத் தெளிவத்தை ஜோசப் (1934–2022) கதைகளில் வடித்தார். காமன் கம்பத்தின் தழைகளும், கூத்தின் ஒப்பனை உருக்களும், லயத்தடித் தெய்வங்களின் விலங்குகளும் தோட்டந்தோறும் சென்று, ஆக்குவோரின் பெயரோடும் அவர்கள் கூறும் விளக்கத்தோடும் பதியப்பட வேண்டும். ஏடோவிற் செதுக்கியோரின் பெயர் மறைந்தது போல, கம்பம் ஊன்றுவோரின் பெயரும் மறைந்துவிடுதல் கூடாது.

இப்பணி பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு உரியது. தோட்டப்புறங்களிலிருந்து வந்து கற்கும் மாணவர் இன்று அச்சங்கங்களில் உள்ளனர். கூத்தின் முதியோர் பலர் இன்னும் ஊரில் இருக்கின்றனர். மாசி மாதம் ஆண்டுதோறும் வருகின்றது. கூத்தறிந்த முதியோரின் ஆயுள் அவ்வாறு திரும்பி வருவதில்லை. தேயிலைச் சீட்டில் எமது மக்களைப் பிறர் அலங்காரமாக அச்சிட்டனர். தம் விலங்கையும் மரத்தையும் தெய்வத்தையும் அம்மக்களே எவ்வாறு வாசித்தனர் என்பதைப் பதிவு செய்வது, அவர்களின் உழைப்பை வரலாற்றில் அதற்குரிய இடத்தில் வைக்கும் செயலாகும்.